காய்ந்த கன்றுகளையும் பதிவில் ஏற்றியவர்

எங்கள் ஊர்ப் பேச்சியின் அழைப்பு வந்தபோது நான் சுருளிப்பட்டியில் ஒரு திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து நின்றிருந்தேன். செடி நட்ட இடத்தைச் செல்போனில் ஜிபிஎஸ் இடக்குறியோடு படம் எடுப்பது எப்படி என்று நாலைந்து விவசாயிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். "சார், நம்ம செல்வமணி அக்கா போயிட்டாக," என்றார் பேச்சி. "கடை தெறக்கக் கெளம்புனாக. நெஞ்ச அடைக்குதுன்னு சொல்லி வாசப்படியில உக்காந்தாக. ஆஸ்பத்திரி போய்ச் சேரல சார்." சட்டென்று நிமிர்ந்ததில் பந்தல் கம்பி தலையில் இடித்தது. கம்பத்துக்கு வந்து, தேனியில் பேருந்து மாறி, ஆண்டிபட்டி போய்ச் சேரும்வரை நான் அழவில்லை. அவருக்காக அழ எனக்கு உரிமை உண்டா என்ற கேள்வியோடு சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கேள்வியின் காரணத்தைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத முடியாது.

ஆண்டிபட்டிக்குத் தெற்கே, மழையை மட்டுமே நம்பியிருக்கும் எங்கள் ஊரின் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்தவர் செல்வமணி அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அதே தெருவில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, வறண்டு கிடக்கும் எங்கள் ஓடைக்கரையை மீண்டும் பசுமையாக்க வெளிநாட்டில் பலர் நிதி தரத் தயாராக இருப்பதாகச் சொன்னார்கள். நிதி இடையில் யார் கையிலும் சிக்காமல் நேரே ஊர்க்குழுவுக்கு வரும். செய்த வேலை ஒவ்வொன்றும் படத்தோடு பிளாக்செயின் என்ற பொதுப்பதிவில் ஏறும். தொண்டு நிறுவனத்தார் ஒருவரையும் சேர்த்துக் குழுவில் ஐந்து பேரின் செல்போனில் கையெழுத்துச் சாவி இருக்கும். அதில் மூன்று பேர் ஒப்பினால்தான் எதுவும் நகரும். ஒருமுறை ஏறியதை யாராலும் அழிக்க முடியாது.

வந்தவர் படம் போட்டு விளக்கியபோது பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. அக்காதான் எழுந்தார். "மொய் எழுதுறப்ப மைக்குல பேரச் சொல்றாகள்ல? ஊரே கேட்டுருது. வந்தவுக அம்புட்டுப் பேரும் மனசுல எழுதிக்கிறாக. அதுக்கப்புறம் வீட்டுக்காரர் நோட்டத் திருத்தி என்ன செய்ய? நோட்டு ஒண்ணு இல்ல தாயி, ஊரு முழுக்க நோட்டு." அவ்வளவுதான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் பால் சொசைட்டி கட்டடத்தில் வகுப்பு நடந்தது. கைநாட்டு வைத்த பெண்கள் சாவி என்றால் என்ன, அதை ஏன் யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக் கற்றார்கள். வகுப்பு முடியும்போதெல்லாம் அக்கா ஒன்றைச் சொல்வார்: "மாத்த முடியாததுல கைய வைக்கிறோம். கண்ணும் அங்கன போயிருக்கணும்."

முதல் வருடம் மழை கைவிடவில்லை. வரப்பு வெட்டி, குழி எடுத்து, வேம்பும் புங்கமும் நாவலும் நட்டோம். இரண்டாம் வருடம் ஆடியும் ஐப்பசியும் வெறுமனே கடந்தன. பாதிக்கு மேல் கன்றுகள் உயிரோடு இருந்தால்தான் அடுத்த தவணை வரும் என்பது நாங்களே ஒப்புக்கொண்டு பதிவில் ஏற்றிய விதி. வறட்சி வந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரிகூட நாங்கள் எழுதவில்லை. தொண்டு நிறுவனத்தாரைக் கேட்டோம். தங்களாலும் அந்த விதியை மாற்ற முடியாது என்றார்கள். ஓடையில் நின்றது கால்வாசிகூட இல்லை. அந்தத் தவணையில் வரும் கூலியை நம்பி ஆட்டை விற்காமல் இருந்த பேச்சியும் மற்றப் பெண்களும் தினமும் என் சென்டருக்கு வந்து, "படம் ஏத்தியாச்சா சார்?" என்று கேட்டார்கள். குழுவில் யார் எடுத்த படமும் என் சென்டரிலிருந்துதான் ஏறும்.

ஏற்றினேன். ஓடையில் எடுத்த படங்களை ஏற்றவில்லை. ஓடையை ஒட்டிக் கிணற்றுப் பாசனமுள்ள தோப்பு ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் தழைத்து நின்ற கன்றுகளைப் படம் எடுத்தேன். அந்தப் படங்களை எடுத்தவன் நான்தான். இடக்குறியில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. அக்காவுக்கு அப்போது காலில் வீக்கம். ஓடைக்கு நடக்க முடியவில்லை. "பாத்தியா தம்பி?" என்று கேட்டார். "பாத்துட்டேன்க்கா" என்றேன். கையெழுத்துப் போட்டார். தவணை வந்தது.

இரண்டு வாரம் கழித்து, வீக்கம் வடிந்ததும் அவர் ஓடைக்கு நடந்து போயிருக்கிறார். மறுநாள் என் சென்டருக்கு வந்து, அந்தப் படத்தைத் தன் செல்போனில் விரித்துக் காட்டினார்.

"இந்த வேம்புக்குப் பின்னால கருப்பா ஒரு குழாய் தெரியுது பாரு. சொட்டுநீர்க் குழாய். நம்ம ஓடையில ஏது தம்பி சொட்டுநீரு?"

நான் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன்.

"அழிக்க முடியாதுல்ல?"

"முடியாதுக்கா."

"நான்தானே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்," என்றார். நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "ஒன்னய மட்டும் என்ன சொல்ல? நான் கண்ணக் கொண்டு போகலையே. கைய மட்டும் குடுத்துட்டேன்."

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவர் வாய் திறக்கவில்லை. சொன்னால் நாற்பது வீட்டு அடுப்பில் கை வைப்பதாகும். சொல்லாவிட்டால், உலகமே பார்க்கும் பதிவில் தன் கையெழுத்து பொய்யின் கீழே கிடக்கும். கடையில் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருக்கும்போது பெண்கள், "நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்று வாழ்த்துவார்கள். அவர் தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். உடம்பு பாதியாகிவிட்டது. சர்க்கரை நோய் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

ஒரு ஞாயிறு வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டார். "போன தடவை ஏறுன படம் நம்ம ஓடை இல்ல. நம்ம கன்னு பாதிக்கு மேல காஞ்சு போச்சு. கையெழுத்து என்னது. அழிக்க முடியாது. ஆனா அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுதலாம். இது பொய்யின்னு நாமளே எழுதுவோம்."

பேச்சி கத்தினார்: "ஒங்களுக்கு மாசச் சம்பளம் இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு? படம் எடுத்தது யாரு, அதச் சொல்லுங்க!"

"கையெழுத்து என்னதுன்னு சொல்லிட்டேன்ல. அது போதும்," என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். என் சென்டர் ஓடுவதே இந்த ஊரின் நம்பிக்கையில். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. உட்கார்ந்தே இருந்தேன். அந்த வரியை ஏற்ற மூன்று கையெழுத்து வேண்டியிருந்தது. அவருடையது ஒன்று, தொண்டு நிறுவனத்தாருடையது ஒன்று. மூன்றாவதை நான்தான் போட்டேன். "எங்கள் முந்தைய பதிவு உண்மையல்ல" என்ற வரி அது. எங்கள் என்ற சொல்லுக்குள் என்னால் வசதியாக ஒளிந்துகொள்ள முடிந்தது.

நிதி நின்றது. ஊர் அவரோடு பேசுவதை நிறுத்தியது. ஆனால் ரேஷன் கடையை யாரால் தவிர்க்க முடியும்? அட்டை அந்தக் கடைக்குத்தான். பெண்கள் வருவார்கள், கருவியில் விரல் வைப்பார்கள், அரிசியை வாங்கிக்கொண்டு முகம் பார்க்காமல் போவார்கள். மாதாமாதம், அத்தனை வீடும். ஒரு வருடத்துக்கு மேல் அப்படிக் கழிந்தது. பெரியகுளம் பக்கம் ஜெயமங்கலத்துக்கு இடமாற்றம் கேட்டால் கிடைக்கும் என்று நான் சொன்னேன். அவர் போய்விட்டால் என் மூச்சு கொஞ்சம் இலகுவாகும் என்பதும் என் மனதில் இருந்தது. "நான் போயிட்டா தப்பு மட்டும் இங்கன நிக்கும். பதில் சொல்ல ஆளு வேணாமா?" என்றார்.

கேட்பார் இல்லாத அந்தப் பதிவில் அவர் மாதந்தோறும் படம் ஏற்றிக்கொண்டிருந்தார். விடுமுறை நாளில் ஓடைக்குப் போய், காய்ந்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, எது எப்போது காய்ந்தது, எது தாங்கி நிற்கிறது என்று எழுதினார். நானும் கூடப் போனேன். ஊர் அதைப் பார்த்து என்னை நல்லவன் என்று நினைத்தது. ஒருநாள் ஆண்டிபட்டியிலிருந்து திரும்பி வரும் பேருந்தில் கேட்டேன்: "அக்கா, நான் சொல்லிரட்டுமா?" அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "அது ஒன் கையெழுத்து தம்பி. அத நான் போட முடியாது," என்றார். நானும் இறங்கிப் போய் என் கடையைத் திறந்தேன்.

போன வருடம் நிதி தந்தவர்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. காய்ந்த கன்றுகளின் பதிவை அவர்கள் படித்திருக்கிறார்கள். தாங்கி நின்ற வகைகளை மட்டும் கரையின் ஒரு பகுதியில் நட்டுப் பார்க்கலாமா, வறட்சிக்கும் சேர்த்து விதி எழுதலாமா என்று கேட்டிருந்தார்கள். சிறிய தொடக்கம்தான். யாரும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பேச்சி மட்டும் கடைக்கு வந்து, கருவியில் விரலை வைத்தபடி, "ஞாயித்துக்கெழம வகுப்பு உண்டாக்கா?" என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது அக்கா அழுதார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அவரை எடுத்துச் சென்ற அன்று, பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்கல்லாம் ஒதுக்குனப்பக்கூட நீங்கதான் சார் அவுகளுக்குத் துணையா நின்னீக," என்று அழுதார். நான் பட்டதிலேயே பெரிய அடி அது. அங்கே நான் சொல்லவில்லை. பதினாறாம் நாள் கழிந்து, பால் சொசைட்டி கட்டடத்தில் அக்காவுக்காக எல்லாரும் கூடியபோது எழுந்து சொன்னேன். படம் எடுத்தது நான், பார்த்ததாகப் பொய் சொன்னது நான், அன்று மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்ததும் நான்.

பேச்சிதான் கேட்டார்: "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஒன்னயப் பக்கத்துல வச்சிருந்தாக?"

சார் போய் 'ஒன்னய' வந்துவிட்டது. அவர் எழுந்து வெளியே போனார். மற்றவர்களும் போனார்கள். என் பெயரோடு அந்த வரியைப் பதிவிலும் ஏற்றியாகிவிட்டது. குழுவில் இருந்த பேச்சியும் தன் கையெழுத்தைப் போட்டார்.

இதை எழுதும் வரை தெருவில் யாரும் என்னிடம் பேசவில்லை. சான்றிதழ் வேண்டுமானால் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு வாசலில் நிற்கிறார்கள். தேனியில் கடை வாடகைக்கு இருப்பதாக மருமகன் சொல்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். செல்வமணி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்: முகம் பார்க்காதவர்கள் நடுவில், அவர்கள் கூப்பிடும் தூரத்தில் இருப்பது. இன்று காலையும் கடையைத் திறந்தேன்.