ரெஸ்ட்டில் இருந்த பத்து நாள்

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பாயில் கால் நீட்டினால் அவர் ரெஸ்ட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். டீவி சத்தத்தைக் குறைக்க வேண்டும். மிக்ஸி ஓடக் கூடாது. அதே பாயின் ஓரத்தில் நான் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் வேறு. "சும்மாதான இருக்கற, அந்தத் துணிய மடிச்சு வெச்சரலாமில்ல" என்பார்.

எனக்கும் ஒருமுறை ரெஸ்ட் கிடைத்தது. டாக்டரே எழுதிக் கொடுத்தார்.

பனியன் கம்பெனியில் பல வருஷமாக ஓவர்லாக் மிஷினில் தைக்கிறேன். வலது கட்டைவிரலின் அடியில் வலி கண்டு, துணியைப் பிடித்துத் தள்ளவே முடியாமல் போயிற்று. டாக்டர் கையில் பட்டை மாட்டிவிட்டு, "பத்து நாள் ரெஸ்ட் எடுங்கம்மா. சரியாயிட்டா மறுபடி மிஷின்ல உக்காரலாம்" என்றார். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். தைக்கத் தெரிந்தவள் என்பதால்தான் கம்பெனியில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

முதல் நாளே பக்கத்து வீட்டுப் பெண் ஒரு மூட்டையோடு வந்தாள். கம்பெனியிலிருந்து பிசிறு வெட்டத் துணி எடுத்து வந்து தெருவில் பிரித்துக் கொடுப்பவள் அவள். தைத்த பனியனில் தொங்கும் நூல் நுனிகளைச் சின்னக் கத்திரியால் நறுக்க வேண்டும், அவ்வளவுதான். பிரசவமானவள், காலில் கட்டுப் போட்டவள், யார் வீட்டோடு இருந்தாலும் மடியில் ஒரு மூட்டை வந்துவிடும். யாரும் அதை வேலை என்று சொல்வதில்லை.

"அக்கா, ஊட்லதானுங்க இருக்கறீங்க. அக்கடான்னு டீவி பாத்துட்டே வெட்டுங்க, பொழுது போகும்."

நானும் வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கழுத்தைப் பிடித்து யாரும் கொடுக்கவில்லை, கையை நீட்டி வாங்கினேன். அந்தக் கத்திரியைக் கட்டைவிரலால்தான் அழுத்த வேண்டும். வெட்ட உட்காரும்போதெல்லாம் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பத்து நாளும் அழுத்தினேன். இடையில் சூப்பர்வைசர் போன் செய்து, "நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா. ஷிப்மென்ட் நெருங்குது, எப்ப வர்றீங்க?" என்று கேட்டார். மாமியார் போனில், "ரெஸ்ட்லதான இருக்கற, அப்படியே ரெண்டு படி அரிசிக்கு மாவாட்டி வையேன்" என்றார். எல்லோரும் எவ்வளவு அக்கறையாக அந்தச் சொல்லைச் சொன்னார்கள்!

பதினோராம் நாள் டாக்டர் விரலை மடக்கினார். உயிர் போய் உயிர் வந்தது.

"ரெஸ்ட் எடுத்தீங்களாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "பத்து நாளும் ஊட்லயேதானுங்க இருந்தா. வேலைக்கே போகலீங்க."

ஆமாம் என்று தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை. பிசிறு அந்த நேரம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. சேலை மடிப்பில் நூல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன, அதைத் தட்டிவிட்டபோதும் உறைக்கவில்லை.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ரெஸ்ட் எடுத்தும் கேக்கலைன்னா இனி மிஷின் வேண்டாம்மா. லைட்டா ஏதாவது வேலை பாத்துக்கங்க."

பஸ்ஸில் வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். "விடு. பிசிறு வெட்டறதுதான் இருக்குதில்ல. ரெஸ்ட் எடுத்த மாதிரியும் ஆச்சு."

அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய் டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். "சொன்னதையே மறுபடி கேக்கப் போறயா?" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார், அதுவும் அந்தக் கையை.

வீட்டு வாசலில் இரண்டு மூட்டைகள் காத்திருந்தன. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இடது கையால் ஒவ்வொன்றாக இழுத்துப் போய்ப் பக்கத்து வீட்டுப் படியில் போட்டேன்.

"எனக்கு வேண்டாங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பட்டை மாட்டிய கையைப் பத்து நாளாகப் பார்த்தவள், அன்றைக்குத்தான் முதன்முறையாக முகம் வாடிக் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, ஒடம்புக்கு முடியலீங்களா?"