சுத்தியல் டீச்சர்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு நாற்பது வயது வரைக்கும் ஒரு ஆணிகூட நேராக அடிக்கத் தெரியாது. வீட்டில் காலண்டர் மாட்டுவதென்றாலும் நாத்தனார்தான் வர வேண்டும். நாத்தனாருக்கு மரச்சாமான் பட்டறையில் வேலை. "தள்ளி நில்லுங்க அண்ணி, சுவத்தைக் காப்பாத்தணும்" என்று கிண்டல் செய்வாள்.

அப்படிப்பட்டவரைச் சுத்தியல் எடுக்க வைத்தது பள்ளிக்கூடத்துக் குழாய். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு அது எட்டாது. யாராவது தூக்கிப் பிடித்தால்தான் கை கழுவ முடியும். இல்லாவிட்டால் கழுவாமலே சாப்பிட ஓடிவிடும். ஒருநாள் அளவைப் பாடம் நடத்தும்போது ஜன்னல் வழியே அதைப் பார்த்த டீச்சர், சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"அந்தக் குட்டிங்களுக்குக் குழாய் எட்டணும்னா எவ்வளவு உயரத்துல படி வேணும்? போய் அளந்துட்டு வாங்க."

ஸ்கேலும் நூலுமாகப் பறந்த முப்பது பிள்ளைகளும் முப்பது விடையோடு திரும்பினார்கள். எது சரி என்று சண்டை முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. அளவைப் பாடம் இவ்வளவு சூடாக நடந்து டீச்சர் பார்த்ததே இல்லை.

அன்று மாலையே நாத்தனாரிடம் போய் நின்றார். ஒரு வாரம் ஆணி அடித்துப் பழகியதில் இடது கட்டைவிரல் கன்றிப்போனது. பட்டறையில் மிஞ்சிய பலகைகளும் ஏழு சுத்தியல்களும் வகுப்புக்கு வந்தன.

பிள்ளைகளே அடித்துச் சேர்த்த படி தயாரானதும் டீச்சர்தான் முதலில் ஏறினார். அது பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. மண்ணில் உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவரே சிரித்தார். "சரி, ஏன் சாஞ்சுது?"

மறுநாள், மகளின் வீங்கிய விரலைப் பிடித்தபடி ஒரு தையல்காரம்மா தலைமையாசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

"படிக்க அனுப்பினா விரலை நசுக்கி அனுப்புறீங்களே!"

"சுத்தியலை எல்லாம் இன்னைக்கே மூட்டை கட்டுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

டீச்சர் சாக்குச் சொல்லவில்லை. "தப்பு என்னோடதுதாம்மா. ஒரே நேரத்துல ஏழு பேரை அடிக்க விட்டுட்டேன்."

மகளோ அம்மாவின் கையை இழுத்தாள். "அம்மா, அந்தப் படி ஏன் சாயுதுன்னு நீயாவது வந்து பாரும்மா."

வேண்டாவெறுப்பாகப் போன தையல்காரம்மா, படியைப் புரட்டிப் பார்த்தார். "நம்ம தையல் மெஷின்ல காலுக்குக் கால் குறுக்கே கம்பி போகுதே, இதுல அது எங்கடி?"

"குறுக்குக் கட்டை!" என்று கத்தியது வகுப்பு.

பின்னாலேயே வந்திருந்த தலைமையாசிரியர் தாடையைச் சொறிந்தார். "ஒரு நேரத்துல ஒரே ஒரு சுத்தியல். டீச்சரைத் தவிர இன்னொரு பெரியவங்களும் கூட நிக்கணும்."

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவுதான் சார், நான் நிக்கிறேன்" என்றார் தையல்காரம்மா.

மூன்றாவது முயற்சியில் படி நின்றது. டீச்சர் அதன்மேல் குதித்துக்கூடப் பார்த்தார். ஒன்றாம் வகுப்பிலேயே குள்ளமான சிறுமி ஏறி, தானே குழாயைத் திறந்தாள். கழுவிய கையை மறுபடி கழுவினாள். இன்னொரு தடவையும் கழுவினாள். பின்னால் நின்ற வரிசை கூச்சல் போட்டது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் முழுக்க அவர் சுத்தியல் டீச்சர்.

இந்த வருடப் பிள்ளைகள் புத்தக அலமாரி செய்கிறார்கள். கதவு சரியாக மூடவில்லை. ஏனென்று மூன்று நாளாக வாக்குவாதம். டீச்சருக்கும் தெரியவில்லை, அதை அவர் பிள்ளைகளிடம் மறைக்கவும் இல்லை.