சரியாகாத கியர்

என் கராஜுக்கு வந்து சரியாகாமலே போன வண்டி ஒன்று உண்டென்று எங்கள் யட்டவத்தை ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். நோபர்ட் அண்ணனின் கார்தான் அது. இந்த ரவூபுக்கு, தானாக மாறுகிற ஓட்டோ கியர் விளங்காது என்று என்னைப் பற்றிப் பேச்சு. கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் மறுத்துச் சொல்லமாட்டேன்.

நோபர்ட் அண்ணன் தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தவர். தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய ஜப்பான் காரை வைத்து வாடகைக்கு ஹயர் ஓடினார். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் கிளச் இல்லாத கார் ஒரு வேடிக்கைப் பொருள். அவர் அதை ஓட்டுவது தூக்கத்தில் நடப்பதுபோல இருக்கும். தலைபோகிற அவசரம் என்றாலும் அவர் கால் அழுந்தாது.

ஒருநாள் கார் ஏற்றத்தில் இழுக்க மறுத்தது. எஞ்சின் இரையும், கார் நகராது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஓர் உதை. எஞ்சினை ஓடவிட்டு, சூட்டோடு கியர் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன். அளவு சரி. ஒயில்தான் கறுத்துப் போய்த் தீய்ந்த வாடை அடித்தது. ஒயிலை மாற்றி, பில்டரைக் கழுவிக் கொடுத்தேன். உதையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த மாதமே திரும்பி வந்தது, அதே உதை, அதே வாடையோடு.

"என்னதான் செய்றீங்க இந்தக் காருக்கு?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் செய்யலையே நானா," என்றார். முஸ்லிம்களை எங்கள் பக்கம் அண்ணன் என்பதற்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பும்போது பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். முன்னால் அவர் மனைவி டொறீன் அக்கா. அக்காவுக்கு இடது காது கேட்காது, வலது காதும் மந்தம்.

மேட்டின் உச்சி வந்ததும் நோபர்ட் அண்ணன் கியரை நியூட்ரலில் தள்ளி, எஞ்சினை அணைத்தார். பெற்றோல் மிச்சம் பிடிக்க எங்கள் மலை டிரைவர்மார் எல்லாரும் செய்கிற வேலைதான். மற்றக் கியர்பெட்டிகள் தாங்கும். ஓட்டோ கியரில் எஞ்சின் நின்றால் உள்ளே ஒயில் பாயாது, சக்கரம் சுழலச் சுழல எல்லாம் காய்ந்து தேயும். கோளாறு பிடிபட்டுவிட்டது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

அதற்குள் காருக்குள் ஓர் அமைதி வந்து நிறைந்தது. மிளகுக் கொடிகளும் கொக்கோ மரங்களும் பனிக்குள் மெதுவாகப் பின்னால் போயின. எங்கோ கராம்பு காயும் வாசம். கார் இறங்குகிறதா, மலை மேலே எழும்புகிறதா என்றே தெரியவில்லை.

"நேத்து பிரிட்டோ கனவுல வந்தான்," என்றார் டொறீன் அக்கா.

பிரிட்டோ அவர்களுடைய ஒரே மகன். கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நின்றவனைப் புலிச் சந்தேகத்தில் ராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

"என்ன சொன்னான்?" அண்ணன் தாழ்ந்த குரலில்தான் கேட்டார். அக்காவுக்குக் கேட்டது.

"பசிக்குதுன்னான்."

"சோறு போட்டியா?"

"போடுறதுக்குள்ள முழிச்சிட்டேங்க."

இறக்கம் முடிந்தது. எஞ்சின் மறுபடி இரைந்தது. அதன்பின் இருவரும் பேசவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் விஷயத்தைச் சொன்னேன். "இனிமே இறக்கத்துல எஞ்சினை நிப்பாட்டவே கூடாது அண்ணே. இப்பிடியே போனா கியர்பெட்டி முடிஞ்சிரும்."

அவர் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டார்.

"அப்ப நாங்க எங்க நானா பேசுறது? எஞ்சின் ஓடினா அவளுக்குக் கேக்காது. லயத்துல சத்தமா அவன் பேரைச் சொன்னா எல்லா வீட்டுக்கும் கேக்கும். ரோட்டுல நிப்பாட்டினா ஆமிக்காரன் வந்துருவான்."

அதிலிருந்து ஞாயிறுதோறும் அந்தக் கார் என் கராஜின் பின்பக்கம் பலாமரத்தடியில் வந்து நிற்கும். கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, வேலையாட்களைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிடுவேன். கண்ணாடிக்குள் இரண்டு தலைகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கும். கார் அதற்குப் பிறகு எந்த ஏற்றத்திலும் முரண்டு பிடிக்கவில்லை.

"என்ன ரவூப், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வருது, நோபர்ட்ட காரு இன்னும் சரியாகலையா?" என்று வழியில் போகிறவர்கள் சிரிப்பார்கள்.

"இல்ல," என்பேன். "இன்னும் கியர் மாறுதில்ல."