வாளி தட்டும் நாகலெட்சுமி

வாளியை அகப்பையால் தட்டிக்கொண்டேதான் நாகலெட்சுமி கூட்டுக்குள் நுழைவார். "ஏய் சனியனே! கிட்ட வந்தேன்னா றெக்கையப் பிச்சிருவேன்!" மேலே கொப்பில் குந்தியிருக்கும் கொண்டைக் கழுகு முறைக்கும். இவரும் விடமாட்டார், முறைப்பார்.

காயம்பட்ட பெரிய பறவைகளைப் பார்க்கிற இந்தக் காப்பகம் கந்தப்பளைக்கு மேலே இருக்கிறது. சம்பளமில்லாமல் ஆறு பேர் வேலை செய்கிறோம். நான் கூடு கட்டுகிறவன். மற்றவர்கள் பறவைகளைக் கொஞ்சுவார்கள். ஏசுவதற்கென்றே வருகிறவர் இவர் ஒருவர்தான்.

முதலில் அப்படியில்லை. லீக்ஸ் தோட்டத்து வலையில் சிக்கி இறக்கை ஒடிந்து வந்த அந்தக் கழுகுக்கு மூன்று மாதம் இரை கொடுத்தவரே அவர்தான். தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கையும் முதுகுக் கூடையையும் கழற்றாமல் ஓடிவருவார். "வா ராசா" என்று கோழித்தலையை நீட்டுவார். அங்கேதான் பிசகிவிட்டது. இறக்கை கூடியது. ஆனால் படங்கைக் கண்டாலே கழுகு அலகைத் திறந்துகொண்டு இறங்கத் தொடங்கியது.

பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டர் டோரீன் கறாராகச் சொன்னார்: "வெளிய விட்டா கொழுந்து எடுக்கிற எல்லார்கிட்டயும் எறங்கும். எவனாவது அடிச்சே கொன்னுருவான். மாசக் கடைசியில சோதிப்பேன். அப்பவும் கிட்ட வந்தா ஆயுசுக்கும் கூடுதான்."

"கெடுத்தவ நானு. நானே சரி பண்றேங்க" என்றார் நாகலெட்சுமி.

அன்றிலிருந்து இரையை நாங்கள் மறைவாக நின்று குழாய் வழியே தள்ளினோம். அவருக்கு ஏச்சு வேலை மட்டும். ஒரு ஞாயிறு தோட்ட லயத்துப் பெண்கள் நாலு பேரைப் படங்கு கட்டவைத்து, சேர்ந்து ஏசக் கூட்டிவந்தார்.

"ஏன்டி, ஒம் புருசனைக்கூட இப்பிடி ஏசினதில்லையே நீ?" என்று அவர்களில் ஒருத்தியான மீனம்மா சிரித்தாள்.

"இது பறந்து போகணும்டி. அவரு பறந்துட்டா வெறகு யாரு ஒடைக்கிறது?"

மாதக் கடைசியில் டொக்டர் வந்தார். நாகலெட்சுமி படங்கோடும் கூடையோடும் உள்ளே போனார். கையில் கோழித்தலை. வாளி வெளியே கிடந்தது. பழைய குரலிலேயே, "வா ராசா" என்றார்.

கழுகு சிலிர்த்து எதிர்மூலைக்குப் பாய்ந்தது. மூன்று தரம் கூப்பிட்டார். வரவில்லை.

"தெறந்துவிடுங்க" என்றார் டொக்டர்.

மேல்கதவுக் கயிற்றை இழுத்தேன். கழுகு யூக்கலிப்டஸ் மரங்களைத் தாண்டி, மலைக்கு மேலே புள்ளியாகி மறைந்தது. நாகலெட்சுமி வாளியைத் தூக்கி, வெறும் வானத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தார்.