முள்ளெடுக்கும் கத்தி

உயிர் அடங்காத விராலைச் சாம்பலில் புரட்டிப் பிடிக்கும்போது கைக்குள் ஒரு துள்ளல் வரும் பாருங்கள், அது அடங்கிய பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். செவுளுக்குப் பின்னால் இறங்கும் கத்தி நடுமுள்ளைத் தொட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த இடத்தில் கத்தியைப் படுக்கப் போட்டு வாலை நோக்கி இழுத்தால், முள்ளின் மேல் 'டிக் டிக் டிக்' என்று எண்ணிக்கொண்டே போகும். அப்படிப் போனால் கத்தி சரியான கத்தி. சத்தமே இல்லை என்றால் பாதிச் சதையை முள்ளிலேயே விட்டுவிட்டுப் போகிறது என்று அர்த்தம். 'நறநற'வென்று கேட்டால் முள்ளையே அறுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இந்த 'டிக் டிக்'கைக் கேட்பதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குக் காரணம் நான்.

அப்போது நாங்கள் அவனியாபுரத்தில் இருந்தோம். அப்பா அங்கே ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு நான்கு. அம்மாவுக்குச் சொந்த ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம் என்பதால் கண்மாய் மீன் இல்லாமல் ஒரு வாரம் போனால் அவளுக்கு வாய் நமநமவென்று இருக்கும். வீட்டில் இரண்டு அருவாமனைகள் உண்டு. காய்கறிக்கு ஒன்று, மீனுக்கும் கறிக்கும் 'கவிச்சி அருவாமனை' என்று இன்னொன்று. இரண்டாவது வீட்டுக்குள் வராது; பின்பக்கம் குழாயடியிலேயே சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கும்.

தம்பிக்குச் சோறு ஊட்டுவது என் வேலை. பத்து வயதுப் பிள்ளைக்கு அதைவிடக் கொடுமையான வேலை உலகத்தில் கிடையாது. அவன் ஒரு வாய் வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிவிட்டுத்தான் அடுத்த வாய்க்கு வருவான். ஒரு புதன்கிழமை கெண்டைக் குழம்பு. தெருவில் நொண்டி ஆட்டத்துக்குக் கட்டம் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "முள்ளு பாத்து ஊட்டுடி" என்று சொல்லிவிட்டு அம்மா துணி துவைக்கப் போய்விட்டாள். நான் பார்க்கவில்லை. மீனைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து, ஓட விடாமல் சுவரோடு நிறுத்தி, உருண்டை உருண்டையாக அவன் வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். கெண்டையின் முள் எப்படி இருக்கும் என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். மயிர் மாதிரி, நுனியில் இரண்டாகப் பிரிந்து, சதைக்குள்ளேயே ஒளிந்து கிடக்கும்.

ஐந்தாவது வாயோ ஆறாவது வாயோ, தம்பி இருமினான். பிறகு இருமக்கூட முடியாமல் கண்ணை உருட்டினான். எச்சில் கோழையாக வழிந்தது. அம்மா ஈரக்கையோடு ஓடி வந்து வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னாள், வாழைப்பழத்தைத் திணித்தாள், எதற்கும் முள் அசையவில்லை. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்து இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. தம்பி அன்று முழுக்க என் மடியை விட்டு இறங்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டாள்.

"முள்ளு பாத்துத்தான ஊட்டுன?"

"பாத்துத்தாம்மா ஊட்டுனேன்."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே கிடந்த தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் சாயங்காலம் அப்பா வருவார். அப்பா நல்ல மனுசர்தான். கோபம் வந்தால் மட்டும் கைதான் முதலில் பேசும்.

வந்தார். விஷயத்தைக் கேட்டார். பெல்ட்டில் கை வைத்துக்கொண்டு, "ரெண்டு பொம்பளைங்க இருந்தும் ஒரு புள்ளைக்கு முள்ளு பாத்துக் குடுக்க முடியல, என்ன?" என்று என் பக்கம் திரும்பினார்.

அம்மா குறுக்கே வந்து நின்றாள். "புள்ளையச் சொல்லாதீங்க. அவ பாத்துத்தான் ஊட்டியிருக்கா. அருவாமனை மொண்ணையாக் கெடக்கு. மீன அறுக்கவா செய்யுது, நசுக்குது. முள்ளு நொறுங்கி சதையோட சதையாப் போனா யாரு கண்ணுக்குத் தெரியும்? இரும்புப் பட்டறைக்காரர் வீட்டுல ஒரு நல்ல கத்தி இல்ல."

அப்பா பின்பக்கம் போய் அருவாமனையை எடுத்துக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். திரும்பி வரும்போது அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. ஊருக்கெல்லாம் உளி தீட்டிக் கொடுக்கிறவர் அவர். எனக்கோ வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. நானே ஒரு நாள், இரண்டு நாள், அருவாமனைதான் காரணம் என்று நம்பிக்கூடப் பார்த்தேன்.

மறுநாளே அருவாமனைக்குச் சாணை பிடித்துக் கொண்டுவந்துவிட்டார் அப்பா. அம்மா இறங்கி வரவில்லை. "அருவாமனையில குறுக்கதான் அறுக்க முடியும். குறுக்க அறுத்தா முள்ளு துண்டாகத்தான் செய்யும். நெடுக, முள்ள ஒட்டி சதைய மட்டும் எடுக்குற மாதிரி கத்தி கொண்டாங்க. அது வர்ற வரைக்கும் இந்த வீட்டுல மீன் கெடையாது." இப்படி அவள் சொன்னதும் அப்பாவுக்கு அது வைராக்கியமாகிவிட்டது.

முதல் கத்தியைப் பட்டறையிலேயே செய்தார். இரும்பு அறுக்கும் மிஷினில் தேய்ந்து போன 'ஆக்சா பிளேடு' ஒன்றை எடுத்து, பல்லையெல்லாம் தேய்த்து, நுனி வைத்து, பிடிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்தார். முன்கையில் வைத்து இழுத்தால் முடி விழுந்தது. சோதனைக்காக ஒரே ஒரு மீனுக்கு அம்மாவிடம் அனுமதி வாங்கினார். கத்திக்குக் கூர்மை இருந்ததே தவிர வளைவு இல்லை. நடுமுள் மேடாகப் போகிற இடத்தில் அது மேடேறாமல் நேராக வெட்டிக்கொண்டு போனது. அப்பா மணிக்கட்டைத் திருப்பி நெம்பினார். 'பட்'டென்று நுனி தெறித்தது. தெறித்த துண்டைத் தேடி நாங்கள் மூன்று பேரும் குழாயடியைத் துடைப்பத்தால் சலித்து எடுத்தோம். அது கிடைக்கிற வரைக்கும் அம்மா தம்பியை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. கிடைத்த பிறகும் அந்த மீன் பூனைக்குத்தான் போனது.

இரண்டாவது கத்தி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் வாங்கியது. கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. அது முதல் கத்திக்கு நேரெதிர். தகரம் மாதிரி எங்கே வேண்டுமானாலும் வளைந்தது, முனையும் மடங்கியது. செதிலைக்கூடத் தாண்டவில்லை. அம்மா அதை வெங்காயத்துக்கு வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு கத்தியையும் அப்பா நாளிதழில் சுற்றி எடுத்துக்கொண்டு வரும்போது நான் சட்டென்று எழுந்துவிடுவேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாசல் வரை போவேன். அவர் சந்தோஷமாக, "இந்தத் தடவை பாரு செல்வி, இது சரியா வரும்" என்பார். நான் திரும்பி வந்துவிடுவேன். ஒரு பொய்யை முதல் நாளில் ஒத்துக்கொள்வது சுலபம், மூன்றாவது கத்திக்குப் பிறகு ஒத்துக்கொள்வது ரொம்பக் கஷ்டம்.

மூன்றாவது கத்தி கறிக்கடை பாயிடமிருந்து வந்தது. கொத்துக்கறி அரைக்கும் அவருடைய மிஷினில் தண்டு தேய்ந்து போய், அதை அப்பாதான் கடைந்து கொடுத்தார். கொடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அப்பா தன் கத்திக் கதையைச் சொல்ல, பாய் இடிஇடியென்று சிரித்தார்.

"புதுசா எதுக்குண்ணே வாங்குறீங்க? அகலக் கத்தி இதுக்கு ஆகாது. எலும்ப ஒட்டிப் போறப்ப வளைஞ்சு குடுக்கணும், கறிக்குள்ள போறப்ப நிமிந்துக்கணும். பிடி ஈரத்துல வழுக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

கறி வெட்டும் மரமுட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். தொடைக்கறியில் எலும்பு நீக்கப் பல வருடம் புழங்கிய கத்தி. தீட்டித் தீட்டி விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது; நீளம் ஒரு சாண். அப்பா கையை நீட்டினார். பாய் அவர் கையில் கொடுக்காமல் மரமுட்டி மேல் வைத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. "நமக்குள்ள எதுக்குண்ணே வம்பு, நீங்களே எடுத்துக்கங்க" என்றார்.

கத்தி கிடைத்துவிட்டது, ஆனால் கெண்டை விடவில்லை. பாயின் கத்தி நடுமுள்ளை ஒட்டி அழகாகத்தான் போனது. சதை தனியாக, முள் தனியாக வந்தது. ஆனால் அம்மா அந்தச் சதையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக மயிர் முட்களை உருவி அப்பா முன்னால் வரிசையாக வைத்தாள். அப்பா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். இத்தனை மாதமும் நாங்கள் கத்தியை மட்டும்தான் பார்த்தோம், மீனைப் பார்க்கவில்லை. கெண்டைக்கு எந்தக் கத்தியும் முள்ளெடுக்காது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, அந்தக் கோடையில் ஊர்க் கண்மாய் அழிந்த அன்று வந்தார். அழிவது என்றால் தண்ணீர் வற்றி, ஊரே கூடி இறங்கி மீன் பிடிக்கிற நாள். அன்று பிடித்த மீனை யாரும் விற்க மாட்டார்கள், சொந்தபந்தத்துக்குத்தான் போகும். ஈரச் சாக்கில் சுற்றி டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு வந்த இரண்டு விராலும் வாளியில் விட்டதும் வாலை அடித்தன.

"கெண்டையில போயி முள்ளெடுத்தீகளாக்கும்" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார் மாமா. "இதுல போடுங்க மாப்ள. இதுக்கு நடுமுள்ளும் விலா முள்ளும்தான்."

அப்பா பலகையைப் போட்டு உட்கார்ந்தார். தலையைத் துணியால் பிடித்துக்கொண்டு செவுளுக்குப் பின்னால் கத்தியை இறக்கினார். 'டக்.' படுக்கப் போட்டு இழுத்தார். 'டிக் டிக் டிக்' என்று வால் வரைக்கும் போனது. ஒரு பக்கச் சதை முழுசாக, வாழைப்பட்டையை உரித்த மாதிரி பலகையில் விழுந்தது. மாமா, "மீன அறுக்கச் சொன்னா ஆபரேசன் பண்றீகளே மாப்ள" என்று கேலி பேசினார். அப்பா காதில் வாங்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

தலையும் நடுமுள்ளும் பெரியவர்கள் குழம்புக்குப் போயின. சதையை அம்மா மஞ்சளும் மிளகாயும் தடவி வறுத்தாள். தம்பிக்குத் தட்டில் போட்டு, அவளே ஊட்டுவாள் என்று நான் எதிர்பார்த்தபோது, தட்டை என் கையில் கொடுத்தாள்.

"நீயே ஊட்டு."

ஒவ்வொரு துண்டையும் பிட்டு, நசுக்கி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, மறுபடி நசுக்கித்தான் கொடுத்தேன். தம்பி பசியில் கத்தினான். வயிற்றுப் பக்கத்துத் துண்டில் ஒரு முள் இருந்தது, கத்தி தவறவிட்ட ஒரே ஒரு விலா முள். எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். அவன் சாப்பிட்டு முடித்து எழுந்து போன பிறகு அம்மா வந்து, தட்டைப் பார்த்து, அந்த முள்ளைப் பார்த்து, எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது அந்தக் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்துக் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறார்கள். விரால் எப்போதாவது வருகிறது. மாமா இல்லை. கவிச்சி அருவாமனை என்றோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. மீன்கடையில் "போன்லெஸ் போடவாக்கா?" என்று அவர்களே கேட்கிறார்கள். என் மகள் மீனில் முள் இருக்கும் என்பதையே ஒரு செய்தியாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறாள். பாயின் கத்தி மட்டும் இன்னும் அம்மா வீட்டில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஒல்லியாக.

போன மாதம் தம்பி திருப்பூரிலிருந்து வந்திருந்தான். கெண்டைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கி, கூடத்தில் உட்கார்ந்து முள்ளைத் துப்பித் துப்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அடுக்களையில் அம்மாவும் நானும் மட்டும்தான். எப்படி வந்தது என்று தெரியவில்லை, இத்தனை வருடம் கழித்துச் சொன்னேன்.

"அம்மா, அன்னைக்கு நான் முள்ளு பாக்கல. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள் அம்மா, அடுப்பைத் துடைத்துக்கொண்டே. "கெண்டை ஊட்டுன தட்டு. ஓரத்துல ஒரு முள்ளுகூட ஒதுங்கல."

"அப்ப அருவாமனை?"

"அதுக்கென்ன, அது நல்லாத்தான் இருந்துச்சு. உங்கப்பா வர்றதுக்கு முன்னாடி துவைக்கிற கல்லுல நாலு இழுப்பு இழுத்து மழுக்கி வச்சேன்."

அம்மா துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டு வந்தாள்.

"உன்னையச் சொல்லியிருந்தா அந்த மனுசன் அடிச்சிருப்பாரு. அடி கெடக்குது, நாலு நாள்ல மறந்துரும். ஆனா அதுக்கப்பறம் நீ தம்பிக்கு ஒரு வாய் ஊட்ட மாட்ட, பயந்துக்கிட்டுத் தள்ளியே நிப்ப. கத்தி வர்றதுக்குள்ள உனக்கும் ஒரு வயசு கூடட்டும்னு பாத்தேன். அவரு கொண்டு வந்துக்கிட்டே இருந்தாரு, நானும் நொட்டை சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அதற்குள் அப்பா என் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அடுக்களைக்குள் வந்தார். மேடையிலிருந்து கத்தியை எடுத்து அவளுக்குக் காட்டினார். "இந்தக் கத்திக்குத் தாத்தா அலைஞ்ச அலைச்சல் கொஞ்சமா? அருவாமனை மொண்ணையாப் போயி, அந்தா கூடத்துல உக்காந்திருக்கானே உங்க மாமா, அவன் உசுருக்கே ஆபத்தா வந்துச்சு. வேணும்னா உங்கம்மாகிட்டக் கேளு" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள்.

"ஆமாப்பா, ரொம்ப மொண்ணை" என்றேன்.