டேங்குக்கு அடியில்

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற வழியில் எங்கள் வீடு. பின்னால் தகரக் கொட்டகை போட்டு பீரோக்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது மனைவியின் வேலை. ஸ்ப்ரே கன்னுக்குக் காற்று அடைத்துக் கொடுக்கும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில்தான் பலகை போட்டு உட்காருவாள். வெளிச்சம் அங்கேதான் விழும். இதெல்லாம் இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில்.

அந்த ஆடியில் கம்ப்ரசரில் காற்று நிற்கவில்லை. ஸ்ப்ரே கன்னைத் தொடாமலே மீட்டர் முள் இறங்கியது. மோட்டார் ஓயாமல் ஓடியது. வெளியே ஆடிக்காற்று தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்தது. ஊரே அந்தக் காற்றைத் திட்டிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் காற்று போகிறதே என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

சோப்புத் தண்ணீரைக் கலக்கி, பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். ஹோஸ் கிளிப்பில் நுரை வந்தது, முடுக்கினேன். வால்வு மரையில் வந்தது. கழற்றி வெள்ளை டேப் சுற்றிப் பூட்டினேன். முள் மறுபடியும் இறங்கியது. எங்கிருந்தோ ஸ்ஸென்ற சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

"சத்தம் கீழருந்து வர்ற மாதிரி இருக்கு. அடியில பாத்தீகளா?" என்று அவள் கேட்டாள்.

"பாத்தாச்சு" என்றேன்.

பார்க்கவில்லை. காற்றை அடைத்து வைக்கும் டேங்க் தரையை ஒட்டிக் கிடந்தது. மல்லாந்து படுத்துப் பார்க்கச் சோம்பல். அதைவிட, இவள் சொல்லியா நான் பார்க்க வேண்டும் என்ற வீம்பு. என் பேச்சை நம்பி அவள் அதே இடத்தில் உட்கார்ந்து தேய்த்தாள். ஒரு நாள் இல்லை, நாலு நாள்.

ஐந்தாம் நாள், காலில் ஏதோ ஈரம் தெறிக்கிறது என்றாள். கணுக்காலில் பொடிப்பொடியாகச் செம்புள்ளிகள். துருத்தண்ணீர். மோட்டாரை நிறுத்தி, காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, அப்புறம்தான் தரையில் படுத்தேன்.

ஆயுத பூஜை வந்தால் மீந்த பீரோ பெயிண்டை எடுத்து கம்ப்ரசருக்கு ஒரு கோட் அடித்து, சந்தனம் குங்குமம் வைப்பேன். புதுசு மாதிரி மின்னும். ஒரு வருஷம்கூடத் துருவைச் சுரண்டியதில்லை. காற்றின் ஈரம் டேங்குக்குள் தண்ணீராகச் சேரும், அதையும் ஒழுங்காக வடித்ததில்லை. பெயிண்ட் மேல் பெயிண்டாகப் பூசி மூடிக்கொண்டே வந்திருக்கிறேன். அடியில் அது அம்மைக் கொப்புளமாக உப்பியிருந்தது. திருப்புளியை லேசாகத்தான் வைத்தேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அங்கே இரும்பே இல்லை. துருவும் பெயிண்டும்தான் அத்தனை காற்றையும் தாங்கிக்கொண்டிருந்தன.

வெடித்திருந்தால் தகடு நேராக அவள் மேல்தான் போயிருக்கும்.

அவளும் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தாள். "அன்னைக்குப் பாத்தாச்சுன்னு சொன்னீகளே?" என்றாள். அவ்வளவுதான். திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்று இருந்தது.

புது டேங்க் வாங்கினோம். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல், காலையில் முதல் வேலையாக நானே தண்ணீரை வடித்துவிடுகிறேன். வடித்தாச்சு என்று அவளிடம் சொல்லவும் செய்கிறேன். சரி என்பாள். பிறகு குனிந்து, தண்ணீர் வடிக்கிற வால்வைத் தானே ஒருமுறை திறந்து பார்த்த பிறகுதான் பலகையை எடுத்துப் போடுவாள்.