சின்ன மாப்பிள்ளையின் நீல விளக்குக் கடை

ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் இருவரும். மூத்தவளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை. இளையவளைக் கட்டியவன் சின்ன மாப்பிள்ளை. பெரியவருக்குப் பள்ளிக்கூடத் தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை. சிகரெட், தீப்பெட்டி, பேனா, மிட்டாய், செய்தித்தாள் எல்லாம் கிடைக்கும். மாமனார் வீட்டில் அவர் பேச்சுக்குத் தனி மரியாதை இருந்தது, சின்னவன் எதிரிலேயே கடை திறக்கும்வரை.

திறந்தது இ-சிகரெட் கடை. கண்ணாடிக் கதவு, நீல விளக்கு, நகைக்கடை மாதிரி வரிசையாக அடுக்கிய, வாயில் வைத்து இழுக்கும் மின்குழல்கள். உள்ளே போய் வந்தவர்கள்மேல் மாம்பழமும் புதினாவும் மணக்கும். பெரியவரின் பழைய வாடிக்கைக்காரர்களே அவரிடம் செய்தித்தாளை மட்டும் வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குள் நுழைந்தார்கள். அங்கே கிளம்பியதெல்லாம் வெறும் ஆவி. உண்மையில் புகைந்தது இவர் வயிறுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் வீட்டில் இன்னும் மோசம்.

"சின்ன மாப்பிள்ளை, வேர்த்துக் கொட்டுதே, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்பாள் மாமியார். அதே வெயிலில் வந்த பெரியவருக்குச் சுவரோரம் ஒரு மடக்கு நாற்காலி.

"எல்லாம் எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன்" என்று வீடு திரும்பும் வழியில் முணுமுணுப்பார்.

"அவன் நல்லா இருந்தா உங்களுக்கு என்னங்க வலிக்குது?" என்பாள் மனைவி. எங்கே வலிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். சொல்லத்தான் முடியாது.

ஒரு நாள் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. நாடு முழுக்க இ-சிகரெட்டை இனி விற்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, கடையில் சேர்த்து வைக்கவும் கூடாது. கையிருப்பை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பெரியவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"ஐயோ, என் தங்கச்சி என்ன பண்ணுவா?" என்று மனைவி பதறினாள்.

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷத்தை மறைக்கத் தண்ணீர்ச் சொம்பை வாய்க்குக் கொண்டுபோனார்.

இரண்டொரு நாளில் நீல விளக்கு அணைந்தது. ஆனால் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. சின்னவன் உள்ளே பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தான். 'ஆகா, பின்வாசல் வழியா வியாபாரம் பண்ணப் போறான்' என்று தோன்றியதும் பெரியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையைச் சாத்திவிட்டுச் சுகாதார அலுவலகத்துக்கு நடந்தார்.

அதிகாரி தலை நிமிர்ந்தார். "சொல்லுங்க."

"என் கடைக்கு எதிர்ல இருக்கற இ-சிகரெட் கடை... அவன் என் சகலைதான். இருந்தாலும் அந்தப் பெட்டிங்க..."

"ஓ, அவரா? கவலைப்படாதீங்க. அவரே ஃபோன் பண்ணிட்டார். நாளைக்கு எங்க வண்டி வந்து எல்லாத்தையும் எடுத்துக்கும், கேஸ் ஒண்ணும் வராது." அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அப்போ பள்ளிக்கூடத் தெருமுனைப் பெட்டிக்கடை உங்களுதா? சிகரெட் போர்டு மாட்டியிருக்கே. அதையும் கழட்டணும். பள்ளிக்கூடத்துக்கிட்ட சிகரெட் விக்கக் கூடாதுன்னு முன்னாலயே சட்டம் இருக்கு, இனி விக்காதீங்க."

கிணறு வெட்டப்போய்ப் பூதம் கிளம்பியது. பெரியவர் கடைக்குத் திரும்பினார்.

மறுநாள் வண்டி போன கையோடு சின்னவன் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். "நீங்க ஏறாதீங்கண்ணா, முட்டி வலிக்கும்" என்று தானே ஏறி, துருப்பிடித்த போர்டின் ஆணிகளைப் பிடுங்கினான். மேலிருந்தபடியே சொன்னான்: "ஆபீசர் சொன்னார். எனக்காகப் பேச அங்க வரைக்கும் போனீங்களாமே. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்."

 பெரியவர் இல்லையென்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் ஏணியைப் பிடித்திருந்த மனைவியின் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் அவள் அவரை அப்படிப் பார்த்ததுண்டு. வாயை மூடிக்கொண்டார்.

மாமனார் வீட்டில் அந்தப் பேச்சு பரவி அவருக்கு நல்ல பேரைத் தந்தது. அந்தப் பேரும் சின்னவன் போட்ட பிச்சை என்பதுதான் அவரை அரித்தது. திட்டினாலாவது திருப்பித் திட்டியிருக்கலாம்.

பெரியவரின் கடையில் சிகரெட் இருந்த இடத்தில் நோட்டும் பென்சிலும் ஏறின, பிழைப்புக்குக் குறைவில்லை. சின்னவன் அதே கண்ணாடிக் கதவுக்குள் மூக்குக்கண்ணாடிக் கடை போட்டான். அதுவும் நன்றாக ஓடியது.

அந்த வருஷமே பெரியவருக்கு எழுத்து மங்கியது. இரண்டு பஸ் மாறிப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்.

மனைவி தலையிலடித்துக்கொண்டாள். "எதிர்லயே சகலை கடை இருக்கு. அவ்வளவு தூரம் போயா வாங்குவாங்க?"

"அங்க ஃபிரேம் நல்லா இருந்துச்சு" என்றார் பெரியவர்.